விறைப்பு மாமாவின் முதுகெலும்பு

அன்று அந்த ஹாலில் இருந்தவர்கள் இவர்கள்தான். தீயணைப்புத் துறையில் நிலைய அலுவலராக இருந்து ஓய்வுபெற்ற பால்வண்ணம், அவர் மனைவி ஆவுடையம்மாள், மகள் செண்பகா, செண்பகாவின் ஐந்து வயது மகள் நாச்சியார், ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த டாக்டர் எஸ்தர். பால்வண்ணத்தின் தம்பி வன்னியப்பன் கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்து நிழலில் நின்றார். எல்லாம் முடிகிறவரை உள்ளே வரவில்லை. செண்பகாவின் கணவருக்குக் கப்பலில் வேலை, அவர் அன்று நடுக்கடலில் இருந்தார். வேறு யாரும் இல்லை. கண்ணால் கண்டதாகச் சொல்லிக்கொண்டு பெருமாள்புரம் முழுக்கத் திரிகிறவர்களில் ஒருவர்கூட அன்று அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் பால்வண்ணத்தின் நடையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பாளையங்கோட்டையில் அவர் முகம் தெரியாதவர்களுக்கும் அவர் நடை தெரியும். தேய்த்த வெள்ளைச் சட்டை, முறுக்கிய மீசை, தாடை ஒரு விரற்கடை உயர்ந்து, முதுகு நட்டுவைத்த கம்பு. குதிகால் முதலில் தரையைத் தொடும், அதற்குப் பிறகுதான் பாதம் இறங்கும். எரிகிற வீட்டுக்குள்ளும் அப்படித்தான் போனார், கல்யாண வீட்டுக்குள்ளும் அப்படித்தான் போனார். அந்தக் குடும்பத்தில் முதுகு வளைக்கும் வழக்கம் கிடையாது. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கோபக்காரர் என்பதால் இல்லை. சிரிப்பது என்பது நாலு பேர் முன்னால் சட்டைப் பொத்தானைக் கழற்றுவது மாதிரி என்று நினைக்கிற மனுஷர்.

நாங்குநேரி பக்கம் நடந்த ஒரு விபத்தில் அவர் முதுகுத்தண்டு அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

இப்போதெல்லாம் அதற்கு நரம்புப் பட்டை வைக்கிறார்கள். கீழ்முதுகில் தோலுக்கு அடியில் ஒட்டுகிற, விரல் அகலச் சின்ன நாடா. 'நட' என்றால் நடக்கும், 'நில்' என்றால் நிற்கும். குரலைக் கேட்க அதற்குள்ளேயே ஒரு காது இருக்கிறது.

"ஆனா பட்டைக்கு நடக்கத் தெரியாது" என்றார் டாக்டர் எஸ்தர். "யாராவது சொல்லிக் கொடுக்கணும். எந்த எலும்பு எதோட சேர்ந்து அசையணும், எந்த மூட்டு எவ்வளவு மடங்கலாம், இடது கால் முன்னால போனா இடுப்பு எந்தப் பக்கம் சாயணும், அவ்வளவும் ஒரு கோப்பா அதுக்குள்ள ஏத்தணும்."

"ரிக்" என்றாள் செண்பகா.

"என்னது?"

"எங்க வேலையில அதுக்கு அதுதான் பேரு டாக்டர். பொம்மைக்கு உள்ள நாங்க கட்டுற எலும்புக்கூடு."

வண்ணார்பேட்டையில் ஒரு அனிமேஷன் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. இரண்டு நிமிடச் சிரிப்புப் படங்கள் எடுக்கிற இடம். ஒருவர் பொம்மையை வரைவார், இன்னொருவர் அசைப்பார். இரண்டுக்கும் நடுவே, அந்தப் பொம்மைக்கு எலும்பும் மூட்டும் பூட்டி, எங்கே இழுத்தால் எது அசையும் என்று கயிறு கட்டி வைப்பவள் செண்பகா. அவள் கட்டாவிட்டால் பொம்மை வெறும் தோல்.

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் கொடுக்கிற பொதுவான நடை ஒன்று இருந்தது. இரண்டு கம்பிகளுக்கு நடுவே பால்வண்ணத்தை நிறுத்தி, அதை ஏற்றிப் பார்த்தார்கள். கால்கள் நடந்தன. நாலடி போனதும் அவர் 'நில்' என்றார்.

"ஏட்டி, இது எவன் நடை?"

"பொதுவா எல்லாருக்கும் குடுக்கதுப்பா."

"ஊருக்குப் பொதுவான நடையில நான் நடக்கவா? காலைத் தேச்சுத் தேச்சு, சந்தைக்குக் கத்தரிக்கா வாங்கப் போறவன் மாதிரி. இதுக்கு நான் கட்டில்லயே கெடந்துட்டுப் போறேன்."

ஆவுடையம்மாள் கெஞ்சிப் பார்த்தாள். டாக்டர் சொல்லிப் பார்த்தார். அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். கஞ்சியைக்கூடத் தொடவில்லை.

"அவரோட சொந்த நடை எங்கயாவது பதிவாகி இருக்கா?" என்று டாக்டர் தனியாகக் கேட்டார். "இருந்தா அதையே ஏத்திரலாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. எதை ஏத்தினாலும் ஒரு மாசத்துல நரம்பு அதைப் பிடிச்சு இறுகிரும். பிறகு மாத்த முடியாது. அணைச்சா மறுபடி உயிர் வராது."

அவர் நடை ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. அதைச் சொல்லச் செண்பகாவுக்கு நாக்கு எழவில்லை.

'விறைப்பு மாமா' என்று ஒரு பொம்மை. தேய்த்த சட்டையும் முறுக்கு மீசையுமாகத் தெருவில் விறைப்பாக நடந்து வரும். எதிரே பழத்தோலோ சேறோ சோப்புத் தண்ணீரோ இருக்கும். வழுக்கி விழும். எழுந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி மீசையை ஒருமுறை தடவிவிட்டு அதே விறைப்போடு போகும். பஸ் நிலையத்துத் திரைகளிலும் ரயில் நிலையத்துத் திரைகளிலும் அதுதான் ஓடியது. திரைக்குள்ளே ஒரு காது வைத்திருந்தார்கள். பார்க்கிறவர்கள் சிரித்தால் மாமா இன்னொரு முறை விழுவார். அதிகம் சிரித்தால் அதிகம் விறைப்பார், அதிகம் விழுவார். ஊரே நின்று பார்த்தது. பால்வண்ணம் பார்த்ததில்லை. சிரிப்புப் படம் பார்க்கிற ஆள் இல்லை அவர்.

அந்த நடையைச் செண்பகா எந்த வீடியோவிலிருந்தும் எடுக்கவில்லை. பள்ளிக்கூடம் போகிற காலத்தில் தினமும் அப்பாவுக்குப் பின்னால் ஓடியபோது கண்ணில் ஏறிய குதிகால்கள் அவை.

அவள் அந்த ரிக்கை எடுத்தாள். இழுத்தால் நீளுகிற கைகால்களை அகற்றினாள். நசுங்குகிற இடுப்பை அகற்றினாள். பழத்தோல், சேறு, சோப்பு, எல்லாக் கயிறுகளையும் அறுத்தாள். கடைசியில் வெறும் நடை மட்டும் மிஞ்சியது என்று நம்பினாள்.

அவர்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. புது ரிக் கட்டி முடித்தால், அதை எல்லோர் முன்னாலும் திரையில் நடக்கவிட்டுப் பழத்தோலில் வழுக்க வைக்க வேண்டும். ஆபீசே கூடி நின்று சிரிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பொம்மைக்குப் பெயர் வைப்பார்கள். விழாத பொம்மைக்குப் பெயர் கிடையாது என்பார்கள். விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் மறைந்து கிடக்கிற பிழைகள் அந்தச் சோதனையில்தான் வெளியே வரும்.

செண்பகா அந்தச் சோதனையை வைக்கவில்லை. திரையில் இருப்பது அப்பாவின் நடை. அதைப் பழத்தோலில் விழவிட்டு ஆபீசே சிரிப்பதா? அவளும் அந்த வீட்டுப் பெண்தான்.

"கல்யாண வீடியோவுலருந்து எடுத்தேன்பா" என்று பொய் சொல்லி ஏற்றினாள்.

பால்வண்ணம் எழுந்து நின்றார். 'நட' என்றார். குதிகால் முதலில் தொட்டது, பிறகு பாதம் இறங்கியது. ஆஸ்பத்திரி வராந்தாவின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தார். ஆவுடையம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இது என் நடை" என்றார்.

ஆஸ்பத்திரியில் யாரும் சிரிப்பதில்லை. அதனால் ஒரு மாதமும் நல்லபடியாகப் போயிற்று.

வீட்டுக்கு வந்த பிறகு சொந்தக்காரர்களைச் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். வன்னியப்பன் வாய்த்துடுக்கான மனுஷர். அண்ணனிடம் அப்படிப் பேச உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் துணிச்சல். பால்வண்ணம் ஹாலின் நடுவே நடந்து வந்தபோது, "அண்ணே, பாவம் அந்தப் பட்டை. உங்களுக்கு வாக்கப்பட்டு, இனி ராத்திரி தூங்குறப்பவும் அட்டென்ஷன்லல்லா நிக்கணும்" என்றார்.

ஹாலே சிரித்தது.

பால்வண்ணத்தின் வலது குதிகால் முன்னால் வழுக்கியது. இடது முழங்கால் நெஞ்சுவரை உயர்ந்தது. ஒரு கணம் அந்தரத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்து, பின் தரையில் விழுந்தார்.

எல்லோரும் ஓடினார்கள். செண்பகா மட்டும் நின்ற இடத்தில் நின்றாள். அந்த முழங்காலை அவளுக்குத் தெரியும். அது அவ்வளவு உயரம் எழுவதற்கு அவள் எத்தனையோ நாள் மெனக்கெட்டிருந்தாள்.

மறுநாள் ஆபீசில், வைக்காமல் விட்ட சோதனையை வைத்தாள். பழத்தோலே போடவில்லை. கூட வேலை செய்கிற ஜெயசீலனைச் சிரிக்கச் சொன்னாள். திரையில் அப்பாவின் நடை வழுக்கி விழுந்தது.

ஜெயசீலன் ரிக்கை அவிழ்த்து அவிழ்த்துப் பார்த்தான். "யக்கா, சிரிப்பை நீங்க கயித்துல கட்டல. கயித்துல கட்டிருந்தா அறுத்துருக்கலாம். முதுகெலும்புலயே வச்சுக் கட்டியிருக்கிய. அந்த விறைப்பும் விழுறதும் ஒரே எலும்பு."

"அப்ப நல்லா வந்திருக்குன்னு எல்லாரும் சொன்னாவ."

"அதனாலதான் நல்லா வந்துச்சு."

டாக்டர் எஸ்தர் சுற்றி வளைக்கவில்லை. நரம்பு இறுகிவிட்டது. மாற்ற முடியாது. அணைத்தால் சக்கர நாற்காலிதான், சாகிறவரைக்கும்.

அப்பாவிடம் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. உடம்பு பலவீனம் என்றார்கள். பலவீனம் என்ற சொல்லை அந்த மனுஷர் பாகற்காய் மாதிரி விழுங்கினார். விடிந்ததும் எழுந்து தனியாக நடந்து பழகினார்.

அந்த வீட்டில் சிரிப்பு நின்றது. தெருப்பக்கத்து ஜன்னல்களை அடைத்தார்கள். டிவியை அணைத்தார்கள், அது கறுப்பாகவே கிடந்தது. கல்யாணம், சடங்கு என்று வந்த அழைப்புகளுக்கெல்லாம் ஏதோ சாக்குச் சொன்னார்கள். வன்னியப்பனை வர வேண்டாம் என்று செண்பகாவே போய்ச் சொன்னாள். "நான் வாயைத் தொறக்கல தாயி, சும்மா வந்து ஒரு ஓரமா இருந்துட்டுப் போறேனே" என்றார் அவர். "சித்தப்பா, உங்க மூஞ்சியப் பாத்தாலே எனக்குச் சிரிப்பு வரும்" என்றாள் அவள். இருவரும் அழுதார்கள்.

மிச்சம் இருந்தது நாச்சியார்.

ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சிரிக்காதே என்று எப்படிச் சொல்வது? சிரிப்பு வந்தால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று சிரி, முடிந்ததும் இறங்கி வா என்று செண்பகா பழக்கினாள். முதலில் பிள்ளைக்கு அது விளையாட்டாக இருந்தது. கன்னம் உப்ப, படி படியாக ஓடும். ஒருநாள் பாதிப் படியில் நின்றுவிட்டு, "எதுக்குச் சிரிக்க வந்தேன்னு மறந்துட்டும்மா" என்றது. பிறகு மாடிக்குப் போவதே குறைந்தது. பிறகு நின்றது.

பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் கூப்பிட்டார். "உங்க பொண்ணு சிரிக்கவே மாட்டேங்குறா. மத்தப் பிள்ளைங்க சிரிச்சா ஓடிப்போய் அதுங்க வாயைப் பொத்துறா. யாரோ விழுந்துருவாங்களாம். வீட்டுல ஏதும் பிரச்சினையா?"

அன்று செண்பகா பஸ்ஸில் வீடு வருகிறவரை ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்திருந்தாள். ஒரு கையில் அப்பாவின் கால், இன்னொரு கையில் பிள்ளையின் வாய். எதை விட்டாலும் அவள் மனுஷி இல்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபோதே உள்ளே அப்பாவின் குரல் கேட்டது.

"ஏட்டி நாச்சி, என்னைக் கண்டா ஏன் வாயப் பொத்துத? தாத்தா மேல நாத்தம் அடிக்கா?"

"இல்ல தாத்தா. நான் சிரிச்சா நீங்க விழுந்துருவிய. அம்மா சொல்லிருக்கா."

செண்பகா நிலைப்படியிலேயே நின்றாள். பால்வண்ணம் அவளைப் பார்த்தார்.

"உள்ள வா" என்றார். "வந்து சொல்லு."

சொன்னாள். அவர் முழுதும் கேட்டார். "அந்தப் படத்தைக் காட்டு" என்றார். கையிலிருந்த டேப்லெட்டில் போட்டாள். விறைப்பு மாமா நடந்தார், விழுந்தார், எழுந்தார், மீசையைத் தடவினார், போனார். பால்வண்ணத்தின் முகத்தில் ஒரு கோடும் அசையவில்லை.

"இதைப் பாத்துதான் ஊரே சிரிச்சுதோ?"

"ஆமாப்பா."

"ஜங்ஷன் ஸ்டேஷன்லயும் ஓடுச்சோ?"

"ஆமா."

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "நான் இப்படியா நடக்கேன்?"

ஆவுடையம்மாள் முந்தானையை விரலில் சுற்றினாள். "இப்படித்தான் நடப்பிய" என்றாள். "கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான் வந்திய."

பால்வண்ணம் டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பிப் படத்தை இன்னொருமுறை பார்த்தார்.

"நடை என்னது, சரி. விழுந்துட்டு மீசையத் தடவிட்டுப் போறானே, அது எங்க இருந்து எடுத்த? நான் எப்ப விழுந்தேன்?"

"நான் மூணாப்பு படிக்கப்போ. மழையில, மார்க்கெட் முக்குல. யாரும் பாக்கலன்னு நெனச்சிய. நான் பின்னால வந்துட்டிருந்தேன்."

"நீ சிரிச்சியா?"

"சிரிப்பு வந்துச்சு. வாயப் பொத்திக்கிட்டேன்."

பால்வண்ணம் நாச்சியாரைப் பார்த்தார். பிள்ளை அம்மாவின் சேலை மறைவில் நின்றது. என்ன நடக்கிறது என்று தெரியாமலே, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கையை வாய்க்குப் பக்கத்தில் வைத்திருந்தது.

"டாக்டரம்மாவ வரச் சொல்லு" என்றார். "இதை அணைச்சிரலாம்."

"அப்பா, கொஞ்சம் பொறுங்க. ஏதாவது வழி பாப்போம். ஜெயசீலன்கூட..."

"வழி பாத்து முடியதுக்குள்ள அவளுக்குச் சிரிக்கத் தெரியாமப் போயிரும்."

"நீங்க நாற்காலியில கெடக்கதை நான் எப்படிப்பா பாப்பேன்? அந்த நடையக் கெடுத்தது நான். என்னை ரெண்டு அடி அடிச்சிருங்க. அணைக்க மட்டும் சொல்லாதிய."

"நீ கெடுக்கல" என்றார். "எவன் நடையிலயோ நடக்க மாட்டேன்னு சொன்னது நான்."

அவர் ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். செண்பகா இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். ஆவுடையம்மாள் குறுக்குத்துறை முருகனிடம் போய் அழுதுவிட்டு வந்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

டாக்டர் எஸ்தர் காலையில் வந்தார். பட்டையை அணைக்கிற கருவி, உள்ளங்கையில் அடங்குகிற சின்னப் பெட்டி. அறையிலிருந்து ஜன்னலோரப் பிரம்பு நாற்காலிவரை கடைசியாக ஒருமுறை நடந்து வந்து உட்காருவேன், உட்கார்ந்த பிறகு அணையுங்கள் என்று பால்வண்ணம் கேட்டுக்கொண்டார். தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தம்பி வந்து கேட்டுக்கு வெளியே நிற்பதைச் சொன்னார்கள். "உக்காந்ததும் உள்ள கூப்பிடுங்க" என்றார்.

நாச்சியாரைச் செண்பகா சுவரோரம் தன் முன்னால் நிறுத்திக்கொண்டாள். பிள்ளை தானாகவே இரண்டு கையையும் வாய்மேல் வைத்துக்கொண்டது. தாத்தா நாற்காலியில் உட்கார்ந்ததும் எடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

"நட" என்றார் பால்வண்ணம்.

தாடை உயர்ந்து, முதுகு நிமிர்ந்து, குதிகால் குதிகாலாக வந்தார். தீ எரிகிற வீட்டுக்குள் போனவர் அப்படித்தான் போயிருப்பார். ஆவுடையம்மாள் கைகூப்பி நின்றாள். டாக்டர் பெட்டியின் மேல் விரலை வைத்திருந்தார். நாற்காலிக்கு இன்னும் இரண்டு எட்டு இருந்தது.

அங்கே அவர் "நில்" என்றார்.

நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில் அணைந்த டிவி இருந்தது. அதன் கறுப்புத் திரையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள் விறைத்து நிற்பது தெரிந்தது. பால்வண்ணம் அதையே பார்த்தார். தாடையைக் கொஞ்சம் தூக்கினார். திரையில் இருந்த ஆளும் தூக்கினான்.

அப்போது ஒரு சத்தம் வந்தது. முதலில் செண்பகா அதை இருமல் என்று நினைத்தாள். காய்ந்த மணல் வாளியைத் தரையில் இழுக்கிற மாதிரி, பழக்கமில்லாத ஏதோ ஒன்று தொண்டைக்குள்ளே வழி தேடுகிற சத்தம். அவள் பிள்ளையைக் குனிந்து பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள். பிறகுதான் அப்பாவைப் பார்த்தாள். அவர் தோள்கள் குலுங்கின. கண்ணில் தண்ணீர் வந்தது. பற்கள் தெரிந்தன. அந்தப் பற்களை முப்பது வருடத்தில் அவள் பார்த்ததில்லை.

பட்டையின் காது யார் குரல் என்று பிரித்துப் பார்க்காது. தன் சிரிப்பே தன்னை விழவைக்கும் என்று ஒருவரும் யோசித்திருக்கவில்லை. அந்த மனுஷருக்குச் சிரிப்பு என்று ஒன்று இருக்கும் என்று யார் கண்டது?

வலது குதிகால் வழுக்கியது. இடது முழங்கால் நெஞ்சுவரை உயர்ந்தது. டாக்டர் ஓடினார், செண்பகா ஓடினாள். அவருக்குப் பின்னால் இருந்த பூஜை அறை நிலைப்படியில் தலை அடித்தது. விழுந்தபோதும் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

செண்பகா அவர் தலையை மடியில் எடுத்து வைத்தாள். சிரிப்பு மெல்ல அடங்கியது. அப்போது அவருடைய வலது கை தரையிலிருந்து எழுந்து, மீசைக்குப் போய், ஒருமுறை தடவிவிட்டு இறங்கியது. பட்டைக்கு அதிகாரம் இடுப்புக்குக் கீழேதான். அந்தக் கையை அசைக்க அதனால் முடியாது.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது. சத்தம் கேட்டு உள்ளே ஓடிவந்த வன்னியப்பன் அண்ணனின் காலடியில் உட்கார்ந்திருந்தார். நாச்சியாரின் கைகளை வாயிலிருந்து எடுக்க ஆவுடையம்மாளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

பேத்தி சிரித்ததால்தான் தாத்தா விழுந்து செத்தார் என்று பெருமாள்புரத்தில் சொல்கிறார்கள். அது பொய். நாச்சியார் சிரிக்கவில்லை. சிரித்தவர் பால்வண்ணம்.